ஹாரன் இல்லாத வண்டி

"அது பஸ் இல்ல ஜெசி. நான் பாத்துட்டேன். நீ கொஞ்சம் சும்மா இரு."

ஷாமியானாவின் மூலையில் கட்டியிருந்த ஸ்பீக்கரிலிருந்து இந்தக் குரல் கரகரவென்று வந்தபோது என் கையில் பாதி கடித்த போண்டா இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் மறுபடியும் கரகரத்தது. "சரி, சரி, மெதுவாத்தான் போறேன்" என்றது.

குரல் என் கணவர் எட்வினுடையது. ஜெசி நான்தான். அவர் அந்த நேரத்தில் பந்தயப் பாதையின் அந்தக் கோடியில், ஒரே ஒரு சீட் மட்டும் உள்ள ஸ்போர்ட்ஸ் காரில் பறந்துகொண்டிருந்தார். நான் இந்தக் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவளைத்தான் சும்மா இருக்கச் சொன்னார்.

பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், யார் இந்த ஜெசி என்று என்னையே ஆங்கிலத்தில் கேட்டாள். நானும் அவளோடு சேர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தேன்.

இந்தத் தொடரைப் படிக்கிற விவேக் நகர் வாசகி ஒருவர் போன வாரம் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். பாவம் உங்கள் வீட்டுக்காரர், வாராவாரம் அவரைப் போட்டு வறுக்கிறீர்களே என்று குறைபட்டுக்கொண்டார். இந்த வாரம் வறுக்கப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். நடந்ததே அப்படி இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சாப்பாட்டு மேசையில் விபத்துகள்

எட்வின் இன்சூரன்ஸ் சர்வேயர். மோதி நொறுங்கிய கார்களைப் போய்ப் பார்த்து, எது உடைந்தது, எது ஏற்கெனவே உடைந்திருந்தது என்று பிரித்துச் சொல்வது அவர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு விபத்தும் உண்டு. குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, வண்டியின் மூக்கு எப்படி மடிந்தது என்று விவரிப்பார். விளங்காவிட்டால் அப்பளத்தை நொறுக்கிக் காட்டுவார். ஓட்டினவர் என்ன ஆனார் என்று கேட்டால், அது தன் டிபார்ட்மென்ட் இல்லை என்பார்.

இப்படி நாள் தவறாமல் நொறுங்கிய கார்களைப் பார்க்கிற மனிதருக்கு, ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் பந்தயத்தில் ஓட்டும் ஆசை வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு. எப்போதும் இருந்தது, வெளியே வரவில்லை.

என்னைப் பெண் பார்க்க, பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவருடைய அம்மாவும் அக்காவும் உள்ளே வந்து உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையைக் காணவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் அப்பாவின் பழைய காருடைய பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டிருந்தார். அரை மணி நேரம் கழித்துக் கரிக் கையோடு வந்து நேராகப் பஜ்ஜியை எடுத்தார். வண்டியில் இருந்த சத்தம் அன்றோடு போய்விட்டது என்று அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கை கழுவாமல் பஜ்ஜி எடுத்தாரே என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

பிறகு மகள் பிறந்தாள், படித்தாள், கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனாள். அவளை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து நான் அழுதுகொண்டிருந்த வாரத்தில் எட்வின் ஒரு சிவப்பு ஹெல்மெட் வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒரு வியாழக்கிழமை அதைக் குழந்தை இயேசு கோயிலுக்கு எடுத்துப்போய் ஆசீர்வாதம் வாங்கினோம். ஆட்டோவிலிருந்து லாரி வரைக்கும் மந்திரித்துக் கை பழகிய சாமியார், தீர்த்தச் செம்போடு வெளியே வந்து வண்டி எங்கே என்று தேடினார். "வண்டி இன்னும் வரல ஃபாதர், இப்போதைக்குத் தலை மட்டும்" என்றார் எட்வின்.

வண்டியும் வந்தது. எட்வினுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் மஞ்சுநாத், மல்லேஸ்வரத்தில் பிரிண்டிங் பிரஸ் வைத்திருக்கிறார். என்னை 'அத்திகே' என்பார். கன்னடத்தில் அண்ணிக்கு அதுதான் சொல். இன்னொருவர் இம்தியாஸ், சிவாஜி நகரில் டயர் கடை. அவருக்கு நான் 'பாபி'. அதற்கும் அதே அர்த்தம்தான். மூன்று பேரும் சேர்ந்து, யாரோ ஓட்டி அலுத்துப்போன ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, ஊருக்கு வெளியே அத்திபெலேக்குப் பக்கத்தில் ஒரு ஷெட்டில் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குக் கணவர் இல்லை.

பந்தயத்துக்கு ஒரு ஒத்திகை

கொரோனாவுக்கு வாங்கிய முகமூடிகள் எல்லாம் சமையலறையில் பிடிதுணியாகிப்போன சமயம் அது. கார் ரசிகர்கள் சிலர் சேர்ந்து நீண்ட நேரப் பந்தயங்களை ஒரு தொடராக நடத்தப்போவதாகச் சொன்னார்கள். யார் வேகம் என்பது மட்டும் இதில் கேள்வி இல்லை. மணிக்கணக்கில் ஓட வேண்டும், வண்டியும் தாங்க வேண்டும், ஆளும் தாங்க வேண்டும். ஒரு காருக்கு மூன்று பேர். ஒருவர் இறங்க, அடுத்தவர் ஏறி ஓட்டுவார்.

தொடரை ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனைப் பந்தயம் நடத்திப் பார்ப்பது என்று முடிவானது. பரிசு கிடையாது, கோப்பை கிடையாது. பந்தயம் நடத்தத் தங்களுக்குத் தெரிகிறதா என்று அவர்களே தெரிந்துகொள்வதற்காக ஒரு பந்தயம். அத்திபெலேயைத் தாண்டி உள்ளே போனால், வண்டிகளைச் சோதித்துப் பார்ப்பதற்கென்று போட்ட ஒரு தனியார் பாதை இருந்தது. அதை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

எல்லாவற்றையும் அன்று சோதித்தார்கள். கொடி காட்டுகிறவர்களைச் சோதித்தார்கள். ஆம்புலன்ஸைச் சோதித்தார்கள். அது சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு வந்தது, டிரைவர் மட்டும் டீ குடிக்கப் போயிருந்தார். வந்திருக்கும் குடும்பத்தாரின் பொறுமையைச் சோதித்தார்கள். ஓட்டுகிறவர்கள் தங்கள் குழுவோடு ரேடியோவில் பேசுவதைப் பார்வையாளர்கள் கேட்டால் ரசிப்பார்களா என்றும் சோதித்தார்கள். அதற்காகத்தான் ஷாமியானாவில் அந்த ஸ்பீக்கர். கன்ட்ரோல் ரூமிலும் ஒன்று இருந்தது.

பந்தயத்தின் டைரக்டர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற குடகுக்காரர். மீசையைப் பார்த்தாலே இஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகும். காலையில் எல்லாரையும் வெயிலில் நிற்கவைத்து விதிகளைச் சொன்னார். எட்வின் மாதிரி, வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்காக ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். அதற்கு ஜென்டில்மேன் கிளாஸ் என்று பெயர். யார் சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பிரிவைத் தொடரில் வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்பதே அன்றைய சோதனைகளில் முக்கியமானது. டைரக்டர் அதை ஒளிக்காமல் சொன்னார். அந்தப் பிரிவில் வந்திருந்ததே இரண்டு வண்டிதான். இரண்டில் ஒன்றாவது விதி எதையும் மீறாமல் கடைசி வரை ஓடி முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தொழிலாக ஓட்டுகிற இளைஞர்களோடு தொடரை நடத்திக்கொள்வோம், நீங்கள் கைதட்ட வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

எட்வின் அதைக் கேட்டு முகம் வெளுத்து நின்றார். எனக்கோ மனசுக்குள் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது.

மறைப்பானேன்? முந்தின வியாழக்கிழமை நான் குழந்தை இயேசுவிடம் வேண்டிக்கொண்டது இதைத்தான். எட்வின் முழுசாக வீட்டுக்கு வர வேண்டும், பந்தயம் நடத்துகிறவர்களாகவே அவரை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். நான் வேண்டாம் என்று சொன்னால் என் பேரில் பழி வரும். டைரக்டர் சொன்னால் வராது. எனக்குப் பயம், அவ்வளவுதான். முப்பது வருஷமாக அப்பளத்தை நொறுக்கிக் காட்டினால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பயம் வராது?

கட்டைவிரல்

முதலில் ஓட்டியவர் இம்தியாஸ். டயர் வியாபாரி என்பதால் டயருக்கு வலிக்காமல் ஓட்டினார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒருவரே தொடர்ந்து ஓட்டக்கூடாது என்று விதி இருந்தது. அவர் நேரத்தோடு உள்ளே வந்து இறங்க, எட்வின் ஏறினார். எட்வினுக்குப் பிறகு மஞ்சுநாத் ஓட்டி முடிக்க வேண்டும்.

எட்வின் ஏறிக் கொஞ்ச நேரத்தில் ஜென்டில்மேன் கிளாஸின் இன்னொரு வண்டி கிளட்ச் தேய்ந்து ஓரத்தில் நின்றுவிட்டது. அதன் சொந்தக்காரர் மனைவியிடம் போய், ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி எங்கள் வண்டி ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் ஸ்பீக்கர் பேச ஆரம்பித்தது.

பந்தயக் காருக்கு ஹாரன் கிடையாது. சாதாரண வண்டியில் ஹாரன் இருக்கும் இடத்தில், ஸ்டீயரிங்கிலேயே, ரேடியோவின் பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் ஓட்டுகிறவர் பேசுவது வெளியே கேட்கும். அமுக்கிக்கொண்டிருக்கும் வரை வெளியில் இருந்து பேசுவது அவருக்குக் கேட்காது. இதை எட்வினுக்குக் காலையில் விளக்கினார்கள். அவரும் தெரியும் தெரியும் என்று தலையாட்டினார். மூளைக்குத் தெரிந்து என்ன பயன்? கட்டைவிரல் பெங்களூர்க் கட்டைவிரல். சில்க் போர்டு சிக்னலிலும் ஹெப்பால் மேம்பாலத்திலும் பல வருஷம் பயின்ற விரல். வளைவு வந்தால் அமுக்கும், எதிரே ஒரு வண்டியின் பின்புறம் தெரிந்தால் அமுக்கும், யாராவது முந்திப்போனால் மன வருத்தத்தில் அமுக்கும்.

அமுக்கினபோதெல்லாம் அவர் வாயில் இருப்பது எங்கள் காதுக்கு வந்தது. அவர் வாயில் இருந்தது பெரும்பாலும் நான்தான்.

எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் கார் ஓட்டும்போது இடது பக்க சீட்டில் உட்கார்ந்து நான் ஓட்டுவேன். பஸ் வருது, பிரேக்கைப் பிடிங்க, அந்தப் பையன் குறுக்கே வருவான் பாருங்க என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வருவார். அன்றைக்கு இடது பக்கத்தில் சீட்டே இல்லை. இருந்தும் பதில் மட்டும் நிற்கவில்லை.

"தெரியுது ஜெசி, மஞ்சக் கொடி, மெதுவாப் போகணும், கண்ணு தெரியாதா எனக்கு?" என்றது ஸ்பீக்கர். கொஞ்சம் பொறுத்து, "அவன் போகட்டும் விடு, சின்னப் பையன், ரத்தம் சூடா இருக்கு" என்றது. ஒரு வளைவில், "நீ கத்தாத, நீ கத்தினாத்தான் எனக்குக் கை நடுங்கும்" என்றும் சொன்னது.

ஷாமியானாவில் தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். கன்ட்ரோல் ரூமில் இருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. கறுப்புக் கண்ணாடிப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஜெசி யார் என்று கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு ஒரு ஃபான்டா வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தவள், நாலு பேர் சிரித்தால் யார் சிரித்தது என்று கேட்டே பழக்கம். ஆனால் வேறொன்று கேட்டுவிட்டது. ஏதோ ஒரு வண்டியை முந்தியபோது எட்வின் சிரித்தார். வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. மகள் போன பிறகு எங்கள் வீட்டில் டி.வி.தான் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு என்னைக் கொஞ்சம் கலக்கிவிட்டது.

அம்புக்குறி

அவர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மஞ்சுநாத் ஹெல்மெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வெயிலில் தயாராக நின்றார். அவர் தன் வாழ்க்கையில் ஓட்டப்போகும் முதல் பந்தயம் அது. உள்ளே வா என்பதற்கு அடையாளமாக அம்புக்குறி போட்ட ஒரு பலகையை அவரே சுவரோரம் தூக்கிப் பிடித்தார். எட்வின் அதைத் தாண்டிப் போனார்.

பார்க்கவில்லை போலிருக்கிறது என்றார்கள். அடுத்த சுற்றிலும் பலகையைத் தாண்டிப் போனார். இம்தியாஸ் ஹெட்போனில் கூப்பிட்டுப் பார்த்தார், கட்டைவிரல் அமுங்கியே இருந்தது. நான் போண்டாவையும் ஃபான்டாவையும் விட்டுவிட்டு எங்கள் குழு நின்ற இடத்துக்கு ஓடினேன்.

"பாபி, அவரு அமுக்கினே இருக்காரு. நம்ப பேசறது அவருக்குப் போவமாட்டேங்குது" என்றார் இம்தியாஸ். நேரம் தாண்டிவிட்டால் வண்டி தகுதி இழந்துவிடும் என்றும் சொன்னார். மஞ்சுநாத் ஓட்ட முடியாது, ஜென்டில்மேன் கிளாஸும் அன்றோடு சரி.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, கவனியுங்கள். சும்மா நின்றால் போதும். நான் கேட்டது கேட்டபடியே நடந்துகொண்டிருந்தது.

எட்வின் மூன்றாவது முறை எங்களைக் கடந்தார். இந்தத் தடவை இம்தியாஸின் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்பீக்கர் தெளிவாகப் பேசியது.

"மஞ்சு போர்டு காட்றான் ஜெசி. பாத்தேன். பாக்காத மாதிரி வந்துட்டேன். இன்னும் ரெண்டே ரெண்டு ரவுண்டு. கோச்சுக்காத. இதோட நான் விட்டுடறேன். வீட்டுக்குப் போயி உன்கிட்ட சொல்லணும்னு இருக்கேன். இனிமே வேணாம். நீ ராத்திரியில தூங்கறதில்ல, சொவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு தூங்கற மாதிரி இருக்கே. எனக்குத் தெரியாதா? இன்னும் ரெண்டு ரவுண்டு ஓட்டிக்கறேன், அப்புறம் முடிஞ்சுது."

இன்னும் இரண்டு ரவுண்டு என்றால் நேரம் நிச்சயமாகத் தாண்டிவிடும். மஞ்சுநாத் பலகையைக் கீழே இறக்கினார். கையுறையை மெதுவாகக் கழற்ற ஆரம்பித்தார்.

நான் தூங்காதது அவருக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். குறட்டை மாதிரி லேசாக ஒரு சத்தம்கூட விட்டுப் பார்ப்பேன். அவர் அதையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறார்.

இம்தியாஸ் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். பின்பக்கத்து நேர்ப்பாதையில் ஒரு இடத்தில் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று வினாடி சத்தம் வருவதில்லை, அங்கே சிக்னல் கிடைப்பதில்லை போலிருக்கிறது என்றார்.

அது சிக்னல் இல்லை. காலையில் வரும்போதே பார்த்திருந்தேன். அங்கே மதில் சுவருக்கு வெளியே, மாதா சிலை வைத்த சின்னக் குகை மாதிரி ஒரு கெபி இருக்கிறது, நீலப் பெயின்ட் அடித்து. எட்வின் கெபியையோ கோயிலையோ தாண்டினால் சிலுவை போடாமல் போகமாட்டார். என்ன வேகமானாலும் சரி. வலது கையை எடுத்தால்தானே சிலுவை போட முடியும்? வலது கை எடுத்தால் கட்டைவிரலும் எடுபடும். ரேசில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு சிலுவை போடுகிறார் என்று தெரிந்து அந்த நேரத்திலும் எனக்கு எரிச்சல் வந்தது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவருடைய முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்தது. நேர்ப்பாதையில் சட்டென்று நின்றது. மூன்று வினாடி. சொல்ல வேண்டியதை எல்லாம் மனசில் அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஏங்க" என்றேன்.

போச்சு. ஸ்பீக்கர் மறுபடியும் கரகரத்தது. "என்ன?" என்றார் எட்வின், வீட்டில் பேப்பர் படிக்கும்போது கேட்கிற அதே குரலில். பிறகு ஒரு மாதிரி இழுத்து, "ஜெசி?" என்றார். அதோடு சத்தம் நின்றுவிட்டது. பயத்தில் விரலை எடுத்துவிட்டார். இவ்வளவு நேரம் சும்மா இருக்கச் சொன்னவள் நிஜமாகவே பேசினால் யாருக்கும் தூக்கிவாரித்தான் போடும்.

இப்போது எனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்தது. ஷாமியானாவும் கன்ட்ரோல் ரூமும் கேட்டுக்கொண்டிருப்பது தெரியும். தெரிந்தேதான் பேசினேன்.

"உள்ள வாங்க. மஞ்சு வெயில்ல நிக்கறாரு, வேர்த்து ஊத்துது. அவருக்கும் ஆசை இருக்கும்ல? இது கடைசி ரவுண்டு இல்ல. அடுத்த ரேசும் ஓட்டுங்க, அதுக்கடுத்ததும் ஓட்டுங்க. நான் தூங்கறேனா இல்லையாங்கறது என் பாடு. அதுக்காக நீங்க விட வேணாம். வளைவு வருது, பாத்து வாங்க."

முதல் தடவையாக அந்தக் கட்டைவிரல் அடங்கி இருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வளைவில் சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது, வண்டி மெதுவானது, உள்ளே திரும்பியது.

மஞ்சுநாத் அவசர அவசரமாகக் கையுறையை மாட்டிக்கொண்டு, "தேங்க்ஸ் அத்திகே" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

டைரக்டரின் தீர்ப்பு

நேரம் தாண்டுவதற்குச் சற்று முன்பே எட்வின் உள்ளே வந்துவிட்டிருந்தார். மஞ்சுநாத் பிரஸ்ஸில் தாள் போடுகிற நிதானத்தில் ஓட்டிக் கொண்டுவந்து முடித்தார். ஓடி முடித்த வண்டிகளில் கடைசிக்கு முந்தின இடம். மூன்று பேரும் உலகத்தை ஜெயித்த மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வேர்வையில் வழுக்கியது, இருந்தாலும் விடவில்லை.

ஸ்பீக்கர் விஷயம் எட்வினுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கறுப்புக் கண்ணாடிப் பெண் அவரிடம் போய், ஜெசி ஆன்ட்டி கத்தினால் உங்களுக்கு நிஜமாகவே கை நடுங்குமா என்று கேட்டாள். எட்வின் என்னைப் பார்த்தார். எல்லாமே கேட்டதா என்று சைகையில் கேட்டார். எல்லாமே என்று தலையாட்டினேன். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று போனவர், ஷாமியானாவுக்குப் பின்னால் வெகு நேரம் தண்ணீர் குடித்தார்.

சாயங்காலம் டைரக்டர் எல்லாரையும் கூப்பிட்டார். சோதனையில் தெரிந்துகொண்டவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆம்புலன்ஸுக்கு இரண்டு டிரைவர் வேண்டும். கழிப்பறை இன்னும் கூடுதலாக வேண்டும். குடும்பத்தார் உட்காரும் இடத்தில் ஸ்பீக்கர் வேண்டாம், குடும்ப விவகாரங்களை ஒலிபரப்ப எங்களுக்கு அனுமதி இல்லை என்றார். எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். ரேடியோ பொத்தான் ஸ்டீயரிங்கின் நடுவில் இருக்கக்கூடாது என்றும் சொன்னார்.

கடைசியாக, ஜென்டில்மேன் கிளாஸ் தொடரில் இருக்கும் என்றார்.

மஞ்சுநாத்தும் இம்தியாஸும் கத்தினார்கள். எட்வின் கத்தவில்லை. கூட்டத்தைத் தாண்டி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவரு சொன்னது இருக்கட்டும். நீ சொன்னது எல்லாரும் கேக்கறாங்கன்னு சொன்னதா, நெஜமா சொன்னதா?"

"எனக்கு எப்ப ரெண்டு நாக்கு இருந்திருக்கு?" என்றேன்.

அப்போது அவருக்குக் கண் கலங்கியது. வெயில், தூசி என்று ஏதோ சொன்னார். எனக்கும் தூசிதான்.

தொடர் ஆரம்பித்து நடந்துகொண்டிருக்கிறது. அவர் ஓட்டுகிறார். பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை, அதைப் பற்றி இன்னொரு நாள் வறுக்கலாம். பயம் போய்விட்டதா என்று அந்த விவேக் நகர் வாசகி கேட்பார். போகவில்லை. பந்தயத்துக்கு முந்தின ராத்திரி எனக்கு இன்றைக்கும் தூக்கம் கிடையாது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

தொடரின் முதல் பந்தயத்தன்று விடியும் முன்னே எழுந்து உட்கார்ந்து விளக்கைப் போட்டேன். அவரும் விழித்துத்தான் இருந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று நேராகச் சொன்னேன்.

எட்வின் எழுந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும்தான்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்து போய் இரண்டு பேருக்கும் காபி போட்டேன்.